பள்ளத்து நீரும் பகலவன் மின்சாரமும்

ஓசூர், கிருஷ்ணகிரி என்றதும் வெளியூர்க்காரர்கள் சிப்காட்டையும் மாம்பழத்தையும்தான் சொல்வார்கள். மலர்க் குழுவினர் நம் வட்டாரத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்குத் தோன்றியது வேறொன்று. சுரங்கம், தண்ணீர், மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் இந்த எல்லைப் பகுதியில் நூறாண்டைத் தாண்டிய உறவு உண்டு.

எல்லைக்கு அப்பால் இருக்கிறது கோலார் தங்கவயல். அங்கே ஆழக்குழியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஜனங்கள்தான். அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

அந்தச் சுரங்கங்களுக்காகவே மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். 1901-இல் அவர் காலமானார். 1902-இல் மின்சாரம் பாய்ந்தது. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் வந்து தங்கவயலை அடைந்தது. உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது! பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்ததோ 1905-இல்தான். சுரங்கத்துக்கு முதல் பந்தி, ஊருக்கு அடுத்த பந்தி. இதை நினைவில் வையுங்கள், பிறகு சொல்கிறேன்.

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் மூடப்பட்டது. நீர் இறைக்கும் பம்புகள் நின்றதும் குழிகளில் தண்ணீர் ஏறியது. எந்தச் சுரங்கத்துக்கும் கடைசிக் கதை இதுதான். நம் பக்கத்துக் கிரானைட் குவாரிகளுக்கும் அதே கதை. கல் போன பிறகு மழைநீர் நிற்கிறது. மேலே பார்த்தால் அமைதியான குட்டை. உள்ளே செங்குத்துப் பாறை, ஆழம் தெரியாது. குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கினார்கள் என்று பேப்பரில் படித்து எத்தனை முறை மனம் பதறியிருக்கிறோம்!

இந்த நீரை வைத்து என்ன செய்யலாம்? சீனாவில் அன்ஹுயி மாகாணத்து ஹுவாய்நானில் நிலக்கரி எடுத்த நிலம் உள்வாங்கி ஏரியாகிவிட்டது. 2017-இல் அந்த நீரின்மேல் 40 மெகாவாட் சோலார் தகடுகளை மிதக்கவிட்டார்கள். நம் நாட்டிலும் மிதவை நிலையங்கள் வந்துவிட்டன. 2022-இல் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையின் நீர்த்தேக்கத்தில் 25.3 மெகாவாட், தெலங்கானாவின் ராமகுண்டம் அனல் மின் நிலைய நீர்த்தேக்கத்தில் 100 மெகாவாட்.

நுட்பம் எளிதுதான். பிளாஸ்டிக் மிதவைகள், அவற்றின்மேல் தகடுகள், இழுத்துக் கட்டக் கயிறும் நங்கூரமும். விளைநிலம் போகாது, நீர் ஆவியாவது குறையும், குளிர்ச்சியால் தகடும் சற்றுக் கூடுதலாக மின்சாரம் தரும்.

ஆனால் ஹுவாய்நான் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. 1 மெகாவாட்டுக்குச் சுமார் 2.5 ஏக்கர் நீர்ப்பரப்பு வேண்டும். நம் குவாரிகளில் பல அதைவிடச் சின்னவை. காலையும் மாலையும் பாறைச் சுவரின் நிழல் விழும். கோடையில் நீர் இறங்கும், மழையில் ஏறும். கயிறு அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் கிரஷர் ஓடினால் தூசு படியும். இத்தனையும் கழித்துப் பார்த்தால் ஒரு பள்ளத்தில் 100 கிலோவாட் தேறினாலும் நஷ்டமில்லை. உச்சி வெயிலில் 5 குதிரைத்திறன் மோட்டார் பதினைந்தாவது ஓடும். ஒரு கிராமத்துக்கு அது சின்ன விஷயமா?

முன்பு சொன்ன பந்திக் கதைக்கு வருகிறேன். 1902-இல் காவிரி நீர் தந்த மின்சாரம் முதலில் சுரங்கத்துக்குப் போனது. நாளை குவாரி நீர் மின்சாரம் தந்தால் அது யாருக்கு? மலையை இழந்ததும், தூசியைச் சுவாசித்ததும், பிள்ளைகளைப் பறிகொடுத்ததும் பக்கத்துக் கிராமம்தான். அந்த ஊர்ப் பம்புக்கும், பள்ளிக்கூடத்துக்கும், தெருவிளக்குக்கும் முதல் பங்கு கிடைக்க வேண்டும். பள்ளத்தைச் சுற்றி வேலி போடுவது அதற்கும் முந்திய வேலை.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே! புராஜெக்ட் தலைப்புக்கு வெளியே எங்கும் அலைய வேண்டாம். ஒரு குவாரியின் நீளம், அகலம், ஆழம், நீர்மட்டம், நிழல் விழும் நேரம் ஆகியவற்றை ஒரு வருஷம் அளந்து எழுதுங்கள். பாதுகாப்போடு, அனுமதி பெற்று, ஆசிரியர் துணையோடு போங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் ஊராட்சி மன்றம் தன் பங்கைத் தைரியமாகக் கேட்க முடியும். பழைய மாணவர்களாகிய நாங்கள் செலவுக்குத் தோள் கொடுப்போம்.