ஹவேலியில் மாளிகை ஏது?

புனேயில் ஒரு தமிழ் மேடை. பேச வந்தவர், ஹவேலி தாலுகாவுக்கு அந்தப் பெயர் சனிவார் வாடா என்ற பேஷ்வா மாளிகையால் வந்தது என்றார். கைதட்டல் அடங்குமுன் இன்னொருவர் எழுந்து, ஹவேலி நம் 'வளவு'தான் என்று முழங்கினார். முன்னவரை மன்னிக்கலாம். பின்னவர் நம் ஆள், விட மனமில்லை.

முதலில் மாளிகை. 1732-இல் கட்டி முடித்த அந்த வீட்டை மராத்தியர் 'வாடா' என்கிறார்களே ஒழிய 'ஹவேலி' என்பதில்லை. (நம் விறகுவாடிக்கும் இந்த வாடாவுக்கும் உறவு உண்டு, அது தனிக் கதை.) பேஷ்வாக்கள் புனேக்கு வருவதற்கு நூறாண்டு முன்பே, அக்பர் காலத்து 'அயினி அக்பரி'யில் ஹவேலி என்ற பெயரோடு பர்கணாக்கள் வரிசையாக நிற்கின்றன. சர்க்கார் என்ற பெரும்பிரிவின் தலைமையூரைச் சூழ்ந்த பர்கணா என்ற உட்பிரிவு எதுவோ, அது ஹவேலி. அரபுச் சொல் 'ஹவாலி', பொருள், சுற்றுப்புறம். மசூலிப்பட்டணத்தைச் சுற்றிக் கும்பினியார் வைத்திருந்தவையும் 'ஹவேலி நிலங்கள்'தாம். மராட்டியக் கடற்படை சேதப்படுத்திய ஒரு கப்பலுக்கு ஈடாக, 1783-இல் புனே தர்பார் போர்ச்சுகீசியருக்கு நகர் ஹவேலியை விட்டுக்கொடுத்தது. கொடுத்தது 72 ஊர்களின் வருவாய். 72 மாளிகைகள் அல்ல.

சுற்றுப்புறம் என்பதால்தான் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. புனே மாநகராட்சி 2017-இல் 11 ஊர்களை விழுங்கியது, 2021-இல் மேலும் 23. பெரும்பாலானவை ஹவேலியின் ஊர்கள். 2024-இல் புர்சுங்கியையும் உருளி தேவாச்சியையும் வெளியே விட்டுத் தனி நகராட்சி ஆக்கினார்கள். மாளிகையின் மதில் இப்படியா ஊரும்?

இனி வளவு. 'வளை'யில் பிறந்த சொல். வளாகம் அதன் உடன்பிறப்பு. சூழ்தல் என்ற பொருள் வளவுக்கும் ஹவேலிக்கும் பொது என்பது மெய். பொருள் ஒத்தாலே உறவென்றால், தாலுகாவுக்கு நாம் வழங்கும் 'வட்டம்' ஹவேலிக்கு இரட்டைப் பிள்ளை ஆகிவிடும். முன்னால் அந்த ஹகரம் எப்படி ஒட்டியது என்று கேட்டேன். பதில் இல்லை. ஹவேலியின் உண்மையான சுற்றத்தார் ஹவாலாவும் ஹவால்தாரும். மூன்றும் ஒரே அரபு வேர். தமிழில் இணைதான் வேண்டுமென்றால் இளங்கோவிடம் கேட்கலாமே: கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கிய புறஞ்சேரி.

வடக்கே ஹவேலி பெரிய வீட்டைக் குறிப்பதை எப்படி மறுப்பாய் என்பார்கள். ஏன் மறுக்க வேண்டும்? முற்றத்தைச் சுற்றிலும் கட்டுவதால் அது ஹவேலி. சுற்றுப்புறமே மூத்தது, வீடு அதற்குப் பிந்தியது. அகராதிக்காரர்கள் தயங்கட்டும், எனக்கு இதில் ஐயமில்லை.