தலதாய்ப் பெரும்பள்ளி – ஓர் அடைக்கலப் பொருளின் வரலாறு

இலங்கையில் கண்டி நகரத்து ஏரிக்கரையில் இருக்கும் தலதா மாளிகையைப் பற்றி அன்பர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் நேரிலும் பார்த்திருப்பீர்கள். புத்தர் பெருமானின் இடப்பக்கத்துக் கோரைப்பல் அங்கே இருக்கிறது என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. சிங்களத்தில் ‘தள’ என்றால் பல், ‘தா’ என்றால் தாது. இரண்டும் சேர்ந்து தலதா.

நான் பட்டம் வாங்கிய ஆராய்ச்சியாளன் அல்ல. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் நாற்பது வருஷமாகப் பாத்திரக் கடை நடத்துபவன். கல்லாவில் உட்கார்ந்தபடி படித்ததுதான் என் படிப்பு. ஒரு சமணனுக்குப் பௌத்தக் கோயிலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தப் பல்லின் கதையில் எங்கள் ஆட்கள் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறார்கள், அதுவும் கெட்டவர்களாக! அதே கதையின் நடுவில் தமிழ் வணிகர்களும் வருகிறார்கள், காவல்காரர்களாக. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கலிங்கத்துக் கதை

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம்மகித்தி தேரர் பாலி மொழியில் எழுதிய தாடாவம்சம் என்ற நூல்தான் பல்லின் பழைய வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. குசிநாராவில் புத்தரின் சிதையிலிருந்து கேமர் என்ற துறவி இதை எடுத்துக் கலிங்க மன்னன் பிரமதத்தனிடம் கொடுத்தாராம். பல் இருந்த நகரம் தந்தபுரம் ஆயிற்று. பல தலைமுறைக்குப் பின் குகசிவன் என்ற அரசன் வந்தான். அவன் முதலில் நிகண்டர்களை, அதாவது நம் சமண முனிவர்களை, ஆதரித்தவன். ஊரார் பல்லுக்கு எடுத்த விழாவைக் கண்டு மனம் மாறி, நிகண்டர்களை நாட்டை விட்டே வெளியேற்றினான். அவர்கள் பாடலிபுத்திரம் போய்ப் பாண்டு என்ற பேரரசனிடம் முறையிட்டார்கள். பல் அங்கே கொண்டுவரப்பட்டது. நெருப்பில் போட்டார்கள், தாமரை மலர்ந்து அதன்மேல் பல் நின்றது. பட்டடைக் கல்லில் வைத்து அடித்தார்கள், உடையவில்லை. கடைசியில் பாண்டுவே பௌத்தன் ஆனான் என்று நூல் சொல்கிறது.

பின்னால் குகசிவனுக்குப் போர் வந்தது. பல்லைத் தன் மகள் ஹேமமாலையிடமும் மருமகன் தந்தகுமாரனிடமும் ஒப்படைத்தான். அவள் அதைத் தன் கூந்தலுக்குள் ஒளித்துக் கப்பலேறி இலங்கை சேர்ந்தாள். அங்கே அப்போது சிரிமேகவண்ணன் ஆட்சி, 4ஆம் நூற்றாண்டு.

இதைப் படிக்கும் சமணனுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் கோபப்பட்டு நூலை மூடி வைப்பதில் அர்த்தமில்லை. நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா? அகளங்க தேவர் காஞ்சியில் ஹிமசீதள மன்னன் அவையில் பௌத்தர்களை வாதில் வென்று இலங்கைக்குத் துரத்தினார் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நீலகேசியில் நம் நாயகி பௌத்த ஆசிரியர்களை வரிசையாக வாதில் மடக்குகிறாள். அவர்கள் ஏட்டில் நாம் தோற்றோம். நம் ஏட்டில் அவர்கள் தோற்றார்கள். சமயக் கதைகளில் எதிராளி தோற்பதற்கென்றே வருகிறவன். நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் கழித்து எழுதிய நூல் என்பதையும் மறக்கக் கூடாது.

கிரி இருந்த இடம்

அனுராதபுரத்தில் பல்லுக்குத் தனி இல்லம் அமைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அதை அபயகிரி விகாரத்துக்கு ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் இரண்டு ஆண்டு தங்கிய சீன யாத்திரிகர் பாகியான் இந்த விழாவை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். விழாவுக்குப் பத்து நாள் முன்பே யானைமேல் ஒருவர் ஏறி முரசறைந்து ஊருக்கு அறிவிப்பார். தொண்ணூறு நாள் பல் அபயகிரியில் இருக்கும்.

அந்த அபயகிரியின் பெயரிலேயே நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பாண்டுகாபயன் என்ற பழைய மன்னன் அனுராதபுரத்தில் நிகண்டர்களுக்கு இருப்பிடங்கள் கட்டிக்கொடுத்தான் என்று மகாவம்சமே சொல்கிறது. கிரி என்ற நிகண்டருக்கும் அங்கே இடம் இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் போரில் தோற்று ஓடியபோது, ‘பெரிய கரிய சிங்களவன் ஓடுகிறான்’ என்று கிரியின் ஆசிரமத்தில் இருந்த ஒரு நிகண்டர் கூவினாராம். அரசன் மீண்டும் வென்று வந்தபோது அந்த ஆசிரமத்தை இடித்து, அதே இடத்தில் விகாரம் கட்டினான். அபயன் என்ற அரசன் பெயரும் கிரி என்ற நிகண்டர் பெயரும் சேர்ந்து அபயகிரி ஆயிற்று என்கிறது அந்த மரபு. இடித்தவன் பெயரோடு இடிபட்டவர் பெயரும் இரண்டாயிரம் வருஷமாக ஒட்டிக்கொண்டே வருகிறது பாருங்கள்.

பொலன்னறுவையில் ஒரு தமிழ்க் கல்

சோழர்களை வென்று பொலன்னறுவையைத் தலைநகராக்கிய முதலாம் விஜயபாகு (மறைவு 1110) அங்கே பல்லுக்குக் கோயில் எழுப்பினான். அவன் ஏவலால் அதைக் கட்டியவன் தேவசேனாதிபதி என்ற படைத்தலைவன். அந்த இடத்தில் நிற்கும் கல்வெட்டுத்தான் இக்கட்டுரைக்கு உயிர்நாடி. அது தமிழில் இருக்கிறது!

வேளைக்காரப் படை என்பது அரசனுக்காக உயிரையும் கொடுப்போம் என்று சபதம் செய்த கூலிப்படை. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று பல பிரிவினர் அதில் உண்டு. விஜயபாகு இறந்தபின் அபயகிரியைச் சேர்ந்த முகலன் மகாதேரர், அமைச்சர்களோடு வந்து, இந்தக் கோயிலைக் காக்க வேண்டும் என்று இந்தப் படையாரைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் தங்கள் மூதாதையர் முறையில் வைத்து மதித்த வலஞ்சியரையும், நகரத்தாரையும் கூட்டிச் சபை கூடினார்கள். கோயிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தலதாய்ப் பெரும்பள்ளி’ என்று தங்கள் படைப் பெயரையே சூட்டினார்கள். காவலுக்கு ஆளும் நிலமும் ஒதுக்கினார்கள். கோயிலின் ஊர்களையும், பணியாளரையும், பண்டாரத்தையும், அங்கே அடைக்கலம் புகுந்தவரையும் தாங்கள் கெட நேர்ந்தாலும் காப்போம், தங்கள் வம்சம் உள்ளவரை காப்போம் என்று கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள்.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ‘பெரும்பள்ளி’ என்ற சொல். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கும் சோழர் செப்பேடுகளில் இதே பெயர்தான். பள்ளி என்பது சமணருக்கும் பௌத்தருக்கும் பொதுச் சொல். பள்ளிச்சந்தம் இருவருக்கும் கிடைத்தது. இரண்டு, வலஞ்சியரும் நகரத்தாரும் யார்? கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். வலஞ்சியர் சார்ந்த ஐந்நூற்றுவர் குழு, தன் மெய்க்கீர்த்தியில் தன்னைப் பரமேசுவரியின் மக்கள் என்று சொல்லிக்கொள்ளும். எல்லோரும் பௌத்தர் என்று கல்வெட்டு சொல்லவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். இதே வேளைக்காரர்கள், சோழர்மீது படையெடுக்கச் சொன்னபோது விஜயபாகுவுக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள். அந்தக் கலகத்தை அரசன் கடுமையாக அடக்கினான். அப்படிப்பட்டவர்களிடம்தான் நாட்டின் விலைமதிப்பற்ற பொருளை ஒப்படைத்தார்கள்.

வியாபாரிக்கு இது புரியும். நம்மிடம் ஒருவர் பொருளை அடைக்கலமாக வைத்தால், அது நமக்கு வேண்டிய பொருளா என்று பார்ப்பதில்லை. வைத்தவர் நம் சாதியா, சமயமா என்றும் பார்ப்பதில்லை. எப்படி வந்ததோ அப்படியே திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.

கைமாறிய காலம்

1215இல் கலிங்க மாகன் படையெடுத்தபோது பிக்குகள் பல்லை மலைநாட்டில் கொத்மலைப் பக்கம் ஒளித்துவைத்தார்கள். பிறகு தம்பதெனிய, யாப்பகூவ என்று தலைநகரம் மாற மாறப் பல்லும் கூடவே போயிற்று. பல்லை வைத்திருப்பவனே அரசன் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 1284 வாக்கில் ஆரியச் சக்கரவர்த்தி யாப்பகூவையைச் சூறையாடிப் பல்லைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்து, மாறவர்மன் குலசேகர பாண்டியனிடம் கொடுத்தான். மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டிய நாட்டுக்கு வந்து, சமாதானமாகப் பேசி அதை மீட்டுக்கொண்டு போனான் என்று சூளவம்சம் கூறுகிறது. போர் இல்லாமல் கேட்டு வாங்கினான் என்பதும், பாண்டியன் கொடுத்தான் என்பதும் நம் பள்ளிப் புத்தகங்களில் வர வேண்டிய செய்திகள்.

போர்ச்சுகீசியர் காலத்தில் சோதனை கடுமையாயிற்று. 1560இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பல்லைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவின் பெகு மன்னன் பெரும் பொன் தருகிறேன் என்றான். வைசிராய் அதை மறுத்து, உரலில் இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கரைக்கச் செய்தார். ஆனால் இலங்கை பௌத்தர்கள், அது உண்மைப் பல் அல்ல, உண்மைப் பல் இரத்தினபுரிப் பக்கம் தெல்கமுவ விகாரத்தில், கேழ்வரகு அரைக்கும் திரிகைக்குள் மறைந்திருந்தது என்கிறார்கள். அங்கிருந்துதான் முதலாம் விமலதர்மசூரியன் (1592–1604) கண்டிக்குக் கொண்டுவந்து மாளிகை கட்டினான்.

கண்டியில் நாயக்கர்கள்

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண் கொடுத்த வழியில் வந்த நாயக்கர்கள். சைவப் பின்னணி உள்ளவர்கள். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) செய்த தொண்டு பெரிது. சீயத்திலிருந்து உபாலி தேரரை அழைத்து, 1753இல் அறுந்துபோன துறவு மரபை மீண்டும் தொடங்கினான். தலதா மாளிகையைப் புதுப்பித்தான். நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என்ற நான்கு தேவாலயங்களின் ஊர்வலத்துக்கு முன்னால் பல்லின் பேழை போகும் இன்றைய பெரஹராவின் அமைப்பும் அவன் காலத்தில் ஏற்பட்டது. பத்தினி என்பது நம் கண்ணகிதான். இத்தனை செய்தும், அந்நியன் என்று அவனைக் கொல்ல 1760இல் சதி நடந்தது. அவன் தப்பினான், கோயில் வேலையையும் நிறுத்தவில்லை.

எண்கோண மண்டபத்தையும் ஏரியையும் அமைத்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்கிற கண்ணுசாமி, 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூர்க் கோட்டையில் கைதியாக இருந்து 1832இல் இறந்தான். 1818 கலகத்தில் பல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபிறகே ஜனங்கள் அவர்கள் ஆட்சியை மெய்யென்று ஒப்புக்கொண்டார்களாம்.

இப்போது பல் ஏழு பேழைகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக, நம்ம அடுக்குப் பாத்திரம் மாதிரி இருக்கிறது. அறையின் சாவிகள் மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்களிடமும், தியவடன நிலமே என்ற இல்லற அதிகாரியிடமும் தனித்தனியே உள்ளன. மூவரும் சேராமல் திறக்க முடியாது. 2009க்குப் பிறகு பதினாறு ஆண்டு கழித்து, 2025 ஏப்ரலில்தான் பொது தரிசனத்துக்கு வைத்தார்கள்.

நாம் சொல்ல வேண்டியது

1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகள் மாளிகை வாசலில் வெடிகுண்டு லாரியை வெடிக்கச் செய்தார்கள். பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதே மனத்தோடு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது வரலாறு அல்ல, வழக்கு.

பல் மெய்யானதா என்று என்னைக் கேட்டால், அது வணங்குகிறவர் விஷயம். எனக்கு மெய்யாகத் தெரிவது அந்தத் தமிழ்க் கல். ஏடுகளில் சமயங்கள் ஒன்றையொன்று தோற்கடித்துக்கொண்டிருந்தபோது, வேறு சமயத்தார் தங்கள் பெயரைக் கொடுத்து, நிலத்தைக் கொடுத்து, இன்னொருவர் தெய்வத்துக்குக் காவல் நின்றிருக்கிறார்கள். பிழைப்புக்காக அயல்மண்ணில் வாழும் நமக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைக்காது.

இலங்கை போகும் சங்கத்து அன்பர்கள் கண்டியோடு திரும்பிவிடாமல், பொலன்னறுவைக்கும் ஒரு நாள் ஒதுக்கி, அட்டதாகே என்ற பழைய தலதாக் கோயிலின் பக்கத்தில் நிற்கும் அந்தக் கல்லைப் பார்த்து வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.