கர்லாக்கட்டை போன ஊர்கள்

1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி அமெரிக்காவை 24-1 என்று துவைத்தெடுத்தது பலருக்கும் தெரியும். அதே ஒலிம்பிக்கில், ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில், கர்லாக்கட்டை சுற்றுவதற்கென்றே ஒரு போட்டி நடந்தது என்று சொன்னால் எங்கள் பூங்கா நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். "விடுங்க சார், அடுத்து பல்லாங்குழிக்கும் தங்கம் குடுத்தாங்கன்னு சொல்வீங்க" என்றார் ஒருவர். நடந்தது நிஜம். கலந்துகொண்டவர்கள் நாலே பேர். மூவர் அமெரிக்கர், ஒருவர் மெக்சிகோக்காரர். இந்தியர் ஒருவரும் இல்லை. தங்கம் ஜார்ஜ் ராத் என்பவருக்கு. அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்திருந்த நேரம், மனிதருக்கு வேலை இல்லை. அரங்கம் நிறைந்த கூட்டம் கைதட்டப் பதக்கத்தை வாங்கிக்கொண்டவர், வெளியே வந்து ரோட்டில் போகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, லிஃப்ட் கேட்டு வீடு போய்ச் சேர்ந்தாராம். 1904-இல் செயின்ட் லூயிஸில் ஒரு தடவை, 1932-இல் ஒரு தடவை. அதோடு அந்தப் போட்டியை எடுத்துவிட்டார்கள்.

நம் தேகப்பயிற்சிக் கூடத்துக் கட்டை அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று, திரும்பி வந்தபோது ஏன் இப்படி இளைத்துப்போயிருந்தது என்று எனக்கு வெகுநாளாக ஒரு குடைச்சல். நான் சரித்திர வாத்தியார் இல்லை. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பையன்களை வெயிலில் நிறுத்தி விசில் ஊதியே காலம் கழித்தவனுக்கு ஒரு கேள்விதான் முக்கியம். உடம்புக்கு நல்லது என்று நன்றாகத் தெரிந்தும் மனுஷன் ஏன் நாலாம் நாள் மட்டம் போடுகிறான்? இந்தக் கட்டையின் கதையைத் துருவிப் பார்த்ததில் அதற்கு ஓரளவு பதில் கிடைத்தது.

முதலில் கட்டையைச் சொல்லிவிடுகிறேன். சுமார் இரண்டடி நீளம். அடி பருத்து, மேலே போகப் போக மெலிந்து, பிடியில் முடியும். கை நழுவாமலிருக்கப் பிடியின் நுனியில் ஒரு குமிழ். புளி, வேம்பு, கருவேலம் என்று கிடைத்த வைரம் பாய்ந்த மரத்தில் கடைசல்காரர் கடைந்து கொடுப்பார். வசதி உள்ளவர்கள் கருங்காலியில் செய்துகொள்வார்கள். எடை முழுக்க அடியில்தான் இருக்கும். அதனால் தராசில் மூன்று கிலோ காட்டும் கட்டை, சுழற்சியில் தோளைப் பிடித்து இழுக்கும்போது வேறு கணக்கு சொல்லும்.

சுற்றும் விதம் இது. கால்களைத் தோளகலத்துக்கு வைத்துக்கொண்டு, கட்டையை மார்புக்கு முன் செங்குத்தாக நிறுத்த வேண்டும். முழங்கையை மேலே உயர்த்தினால் கட்டை தோளைத் தாண்டித் தானாகவே முதுகுப்பக்கம் சரியும். அதை முதுகுத்தண்டு உரசாமல் மறு தோள் வழியாக முன்னே எடுத்துவந்து, பழையபடி செங்குத்தாக நிறுத்த வேண்டும். கை பலத்தால் தூக்கிச் சுற்றுகிறவன் பத்தாவது சுற்றில் மூச்சு வாங்குவான். கட்டையை அதன் போக்கில் விழவிட்டு, விழுந்த வேகத்திலேயே மேலே ஏற்றத் தெரிந்தவன் அலுங்காமல் நூறு சுற்றுவான். இடுப்பு அசையக்கூடாது, பாதம் பெயரக்கூடாது. பார்க்க எளிதாகத்தான் இருக்கும். முதல் நாள் எல்லோருமே பின்மண்டையில் ஒரு தட்டு வாங்கியிருக்கிறோம்.

நான் பழகியது ராயபுரத்தில் ஒரு கூடத்தில். ஓலைக் கொட்டகை, மூலையில் ஆஞ்சநேயர் படம், நடுவில் குஸ்திக்குக் கோதா, சுவரோரமாகக் கட்டைகள். வடசென்னையில் அப்போது தெருவுக்கொரு கூடம் என்று சொல்லும்படி இருந்தது; சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் பேர்போன வட்டாரம் அல்லவா. கட்டைகளில் கைக்கர்லா, புஜக்கர்லா, பிடிக்கர்லா, குஸ்திக்கர்லா என்று ரகங்கள் உண்டு. தொப்பைக்கர்லா என்றும் ஒன்று இருக்கிறது. அடிவயிறு உப்பிய கட்டை அது. கல்யாணமாகி ஓரிரு வருஷம் கழித்துக் கூடத்துக்குத் திரும்பி வருகிறவர் கையில் கூடத்து ஆசானான வஸ்தாது ஒன்றும் பேசாமல் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே கீற்றைப் பார்ப்பார்கள்.

கூடத்தின் ரகசியமே அந்தக் கிண்டல்தான் என்று இப்போது தோன்றுகிறது. "ஏம்பா, நீ கட்டையச் சுத்துறியா, கட்டை உன்னையச் சுத்துதா?" என்று வஸ்தாது கேட்டால் கொட்டகையே சிரிக்கும், கேட்கப்பட்டவனும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். மட்டம் போட்டவன் மறுநாள் வந்தால் திட்டு கிடையாது. மண்வெட்டியைக் கொடுத்துக் கோதா மண்ணைக் கொத்திப் புரட்டிப்போடச் சொல்வார்கள். முக்கால் மணி நேரம் மண் கொத்தியவனுக்கு அன்றைக்கு வேறு பயிற்சி எதற்கு? தண்டாலும் பஸ்கியும் முடிந்து வியர்வை அடங்கியதும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் கிடைக்கும். கையில் சில்லறை இருந்தால் தெருமுனைக் கூழ்க்காரம்மாவிடம் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும். பாதாம்பால் எல்லாம் மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பையன்களுக்கு. பயிற்சிக்கு முன்னால் டீ குடித்துவிட்டு வந்தால் வாயை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் வஸ்தாது.

பயில்வானின் சாப்பாட்டுக்குப் பழைய ஆவணமே உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதியதாகச் சொல்லப்படும் 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலில் மல்லர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அவர்களை அரண்மனைச் செலவில் வைத்துச் சோறு போட வேண்டும். உளுந்து, இறைச்சி, தயிர், பால், நெய் கொடுக்க வேண்டும். மணல் மூட்டை தூக்குவது, நீச்சல், கம்பம் ஏறுவது என்று பயிற்சிகளையும் அது பேசுகிறது. பெண்கள் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறது. ராஜா போட்ட நெய்ச்சோறு அது. நம் கூடத்துக் கொண்டைக்கடலைக்கு எந்த ராஜாவும் காசு கொடுத்ததில்லை.

இனி கப்பலேறிய கதை. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தார் இங்குள்ள சிப்பாய்கள் கட்டை சுற்றுவதைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1834-இல் டொனால்ட் வாக்கர் என்பவர் ஆங்கிலேய ஆண்களுக்கான உடற்பயிற்சிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். படகு வலித்தல், குதிரையேற்றம் இவற்றோடு இந்தியக் கட்டைக்கும் அதில் இடம் தந்தார். சில வருஷத்திலேயே பெண்களுக்கென்று தனி நூல். அதில் கட்டை செங்கோல் கணக்காக மெலிந்துவிட்டது. சீமாட்டிகளின் கைக்கு அடக்கமாக, பார்வைக்கு அழகாக. கட்டைக்கு ஏற்பட்ட முதல் இளைப்பு அது.

அங்கிருந்து அமெரிக்கா. சிம் கெஹோ என்ற நியூயார்க்காரர் 1861-இல் இங்கிலாந்து போனபோது ஹாரிசன் என்ற பயிற்சியாளர் பெரிய கட்டைகளைச் சுற்றுவதைக் கண்டு மயங்கினார். ஊர் திரும்பிக் கட்டை செய்து விற்கும் தொழிலையே தொடங்கிவிட்டார். 1866-இல் படங்களோடு ஒரு பயிற்சி நூலும் போட்டார். உள்நாட்டுப் போரை வென்ற தளபதி கிராண்டுக்குக் கட்டைகளை அனுப்பி, நன்றிக் கடிதம் வாங்கி, அதைத் தன் நூலிலேயே அச்சிட்டுக்கொண்டார். விளம்பர சாமர்த்தியத்தில் நம் லேகிய வியாபாரிகள் எல்லாம் இவரிடம் பாடம் கேட்க வேண்டும். பாஸ்டனில் டையோ லூயிஸ் என்பவர் இலேசான பயிற்சிகளை இசையோடு சேர்த்தார். பிறகு பள்ளிகளிலும் சங்கங்களிலும் பியானோ வாசிக்க, வரிசையாக நின்று கட்டை சுற்றுவது நாகரிகமாயிற்று. கட்டையின் எடை குறையக் குறையக் கூட்டம் கூடிற்று. அதில் தப்பொன்றும் இல்லை, தாளம் இருந்தால் கை தானாக ஓடும்.

ஆனால் தாளமும் ஒரு நாள் அலுக்கும். 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிருக்காகக் கூடத்துக்குள்ளேயே அணிவகுப்பும் கை கால் வீச்சும் செய்து சலித்துப்போன ஒரு வகுப்பு ஏறக்குறையக் கலகம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டது. பதினெட்டுப் பேர். அவர்களைச் சமாளிக்க அனுப்பப்பட்ட ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்துப் பந்தைக் கையில் கொடுத்தார். கூடைப்பந்து பிறந்தது அப்படித்தான். வேலையை நேசிக்கிற எந்த பி.டி. மாஸ்டரும் அந்தப் பதினெட்டுப் பேருக்குக் கையெடுத்துக் கும்பிடு போட வேண்டும். மாணவன் கொட்டாவி விடுகிறான் என்றால் பாடத்தை மாற்று என்று யாரும் எழுதிவைக்காத விதியை உலகுக்குச் சொன்னவர்கள் அவர்கள்.

அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் கட்டை சென்னைக்குத் திரும்பி வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் இங்கே உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் மரங்களுக்கு நடுவே நிற்கும் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு சென்றவரும் அவர்தான். தென்னாட்டுப் பள்ளிகளில் விசிலோடு நின்ற முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கல்லூரியோடு ஏதோ ஒரு குரு சிஷ்ய உறவு இருக்கும். உடற்கல்விப் பாடத்திட்டத்தில் டம்பெல், வாண்ட், லேசியம் ஆகியவற்றோடு இலேசான கருவிகள் பட்டியலில் ஒன்றாக 'இந்தியன் கிளப்' வந்து உட்கார்ந்துகொண்டது. ராயபுரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டை சுற்றிய பையன், பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து அதே கட்டையை, பால்புட்டி அளவில், ஆங்கில எண்ணிக்கைக்குச் சுற்றப் பழகினான். அந்தப் பையன்களில் நானும் ஒருவன்.

பள்ளி ஆண்டுவிழாவில் மாஸ் டிரில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை டிராயர், பேண்டு வாத்தியம், ஒன், டூ, த்ரீ, ஃபோர். முன்வரிசைப் பையன்கள் அதிகாரி பார்க்கிறார் என்று ஒழுங்காகச் சுற்றுவார்கள். கடைசி வரிசையில் கத்திச்சண்டை நடக்கும். ஆண்டுவிழா முடிந்த மறுநாள் கட்டைகள் சாக்குப்பையில் கட்டப்பட்டு ஸ்டோர் ரூமுக்குப் போனால், அடுத்த ஆண்டுவிழாவுக்குத்தான் வெளியே வரும். எடை போயிற்று, வஸ்தாது போனார், கூழ் போயிற்று. முக்கியமாக, பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. பிறகு எவன் வருவான்? நான் கடைசி வரிசைக் கத்திச்சண்டைக்காரர்களைப் பிடித்து முன்னால் நிறுத்தி, முதல் வரிசை செய்வதை வாய்விட்டு விமர்சனம் செய்யச் சொல்வேன். தலைமையாசிரியர்களுக்கு அது பிடித்ததில்லை. பையன்கள் மட்டும் பி.டி. பீரியடுக்கு மணி அடிக்கும் முன்னாலேயே மைதானத்தில் நிற்பார்கள்.

பேச்சும் சிரிப்பும் இருந்தால்தான் ஆள் வருவான் என்பதைக் கிராமத்தில் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. தென்மாவட்டங்களில் ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் இளவட்டக்கல்லை எவனும் விடிகாலையில் தனியாகப் போய்த் தூக்கிவிட்டு வருவதில்லை. திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பொங்கல் போட்டியே வைக்கிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். கல்லை முழங்காலுக்கு உருட்டி, மார்புக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடும்வரை சுற்றி நிற்கும் கூட்டம் ஒரு விநாடி வாயை மூடுவதில்லை. அத்தைமகள் எங்கேயோ கூட்டத்தில் நிற்கிறாள் என்ற நினைப்பு வேறு.

ஒலிம்பிக்கை விட்டுப் போன கட்டை, வேடிக்கையாக, அதே லாஸ் ஏஞ்சலஸில்தான் மறுபடி உள்ளே நுழைந்தது. 1984-இல் பெண்களுக்கான ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது வளையம், பந்து, ரிப்பன் ஆகியவற்றோடு ஒரு ஜோடிக் கட்டையும் இருந்தது. ஒன்றின் எடை 150 கிராம். அந்தப் பெண்கள் அதை உயர வீசிப்போட்டு, இரண்டு குட்டிக்கரணம் அடித்து, பார்க்காமலேயே பிடிக்கிறார்கள். அசாத்தியத் திறமை, மறுக்கவில்லை. எங்கள் வஸ்தாது பார்த்திருந்தால், "கைக்குப் பத்தலையேம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய்ப் பெரிய கட்டையாக ஒன்று தேடியிருப்பார்.

இப்போது ஜிம்களில் இரும்புக்கட்டை வந்திருக்கிறது. தோள்பட்டை இறுகிப்போன கம்ப்யூட்டர் பிள்ளைகள் என்னிடம் வந்து மரக்கட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். கடைசல் பட்டறைகள் குறைந்துவிட்டன. இருக்கிற பட்டறையில் வெடிப்பில்லாத, நன்றாகக் காய்ந்த மரமாகப் பார்த்து இரண்டு கிலோவுக்கு மேல் போகாமல் முதல் கட்டையைக் கடையச் சொல்லுங்கள். தோளில் பழைய அடி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். வீட்டுக்குள் சுற்ற வேண்டாம், டியூப்லைட்டும் சீலிங் ஃபேனும் என்ன பாவம் செய்தன? மொட்டைமாடி உத்தமம். பக்கத்து மாடியில் வடாம் காயவைக்கிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாலாம் நாள் நீங்கள் மாடிக்கு வராவிட்டால், "என்ன சார், கட்டைய வித்துட்டீங்களா?" என்று கேட்கப்போகிறவர்களும் அவர்கள்தான்.