பழவேற்காடு: சீட்டுக் குலுக்கிய ஊரும் கை தூக்கும் சபையும்

மலேசியாவில் சொந்தபந்தம் உள்ளவர்கள் 'கைன் பெலிக்காட்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மலாய்க்காரர்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அங்கே அதுதான் பெயர். அந்தப் பெலிக்காட் வேறொன்றுமில்லை, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள நம் பழவேற்காடுதான். ஜவுளி வியாபாரத்திலேயே காலம் தள்ளிய எனக்கு, ஒரு சின்ன துறைமுக ஊரின் பெயர் கடல் கடந்து துணியில் ஒட்டிக்கொண்டது பெரிய ஆச்சரியம். அதைத் தேடிப் போனபோது, துணியைவிட முக்கியமான ஒரு சங்கதி கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1610இல் இங்கே வந்தார்கள். 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். 1690இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து கப்பல் ஏறின. துணியோடு மனிதர்களும் ஏறினார்கள் என்பதை மறைக்கக் கூடாது; பல்லாயிரம் பேர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக வந்தபோது துறைமுகத்தின் மவுசு போய்விட்டிருந்தது. இந்த 200 ஆண்டுச் சரித்திரத்தைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஊர் இங்கே, முடிவெடுத்தவர்கள் வேறெங்கோ.

ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்த ஜனங்கள் தங்கள் விவகாரத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். ஆரணியாறு நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்க, இரண்டும் கலந்த தண்ணீரில் இறால், நண்டு, மடவை எல்லாம் வளரும். பூநாரைகள் வந்திறங்குவதும் இந்த நீரை நம்பித்தான். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் அதிகம். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் என்ன ஆகும்? அடிதடி வரும், ஏரியும் காலியாகும்.

அதற்குக் கரையோரப் பட்டினவர் குப்பங்கள் கண்ட வழிக்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றும் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும். ஊருக்குள் கல்யாணமான ஆண்மகன் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று தீர்மானிப்பார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிரந்தரமில்லை. இன்று நீ, நாளை நான்.

மீன்பிடித்தல் எங்கள் சமண நெறிக்கு ஒவ்வாத தொழில்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அளவோடு எடு, அடுத்தவனுக்கு முறை விடு என்ற ஒழுங்கை நாங்கள் 'மிகுபொருள் விரும்பாமை' என்று விரதமாகவே வைத்திருக்கிறோம். ஏட்டில் நாங்கள் படித்ததை அவர்கள் தண்ணீரில் நடத்திக் காட்டினார்கள்.

குடவோலை என்றதும் உத்தரமேரூரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. பெருமை நியாயம்தான். ஆனால் அந்தக் கல்வெட்டிலேயே நிலம், வயது, படிப்பு என்று தகுதிகள் உண்டு. அது பிராமணர் ஊரின் சபை. மற்றவர் பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை. பாட்டிலும் அதே கதைதான். பெண்ணுக்குத் தலைக்கட்டு இல்லை. ஏரியில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டில் இடமில்லை. பனையோலைக் கூடை முடையும் முஸ்லிம் பெண்களுக்கும் ஊர்க்கூட்டத்தில் குரலில்லை. ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறியபிறகு, 'எங்களுக்கும் பங்கு வேண்டும்' என்று மற்றக் குப்பங்கள் கேட்டன. தகராறு அதிகாரிகள்வரை போனது. சீட்டு நியாயமாகத்தான் குலுக்கப்பட்டது. குடத்துக்குள் யார் பெயரைப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

இதற்கு மாற்றாக வந்தது சட்டம். 1992இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996இல் அதன்படி முதல் தேர்தல். ஊராட்சிக்குத் தரக்கூடிய 29 இனங்களில் மீன்வளமும் ஒன்று. கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் எழுந்து பேசலாம். பட்டினவர், இருளர், லெப்பை, ஆண், பெண் என்ற பேதமில்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடைமுறையில் 2016 முதல் 2019 வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், மறுபடி தனி அலுவலர்களே வந்தார்கள். ஏரியைப் பற்றிய பெரிய முடிவுகளோ எப்போதுமே ஊராட்சிக்கு மேலேதான்.

அந்தப் பெரிய முடிவுகள் சாதாரணமானவை அல்ல. தெற்கே எண்ணூரில் 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர் துறைமுகம், 2012 வாக்கில் காட்டுப்பள்ளித் துறைமுகம். முகத்துவாரம் மணல் மூடி அடைபடுவது வேறு பழைய வியாதி. அடைபட்டால் ஏரிக்கு மூச்சு நின்றுபோகும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தபோது மீனவர்கள் கொதித்தார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒல்லியான மணல் திட்டு. அதை அலை அரித்துவிட்டால் ஏரியே கடலாகிவிடும் என்பது அவர்கள் பயம். வேலைவாய்ப்பு வரும் என்றது எதிர்த்தரப்பு. 2021 ஜனவரி 22க்கு வைத்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கொரோனாவால் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு வைத்ததும் தள்ளிப்போனது.

வியாபாரி என்ற முறையில் துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சரக்கு நகராமல் ஊர் பிழைக்காது. ஆனால் கணக்குப் போடும்போது இரண்டு பக்கமும் எழுத வேண்டும். ஏரியின் வரவை அறிந்தவன் பாட்டுக்காரன். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மணல் சேரும், எந்த மாதம் குஞ்சு இறால் ஏறும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அறிவு ஊர்க்கூட்டத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே எல்லோருக்கும் இடமில்லை. எல்லோருக்கும் இடமுள்ள கிராம சபைக்கோ ஏரியின்மேல் அதிகாரமில்லை. பாட்டின் அறிவும் சபையின் விரிந்த வாசலும் ஒன்று சேராதவரை, டச்சுக்காரன் காலம்போல முடிவு வேறெங்கோதான் எழுதப்படும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடவேண்டும் என்பது விதி. நம்மில் பலர் திருவிழாவுக்கு ஊர் போகிறோம், குலதெய்வத்துக்குப் போகிறோம். நமக்கு அங்கே ஓட்டு இல்லாவிட்டாலும் அண்ணன், தம்பி, அத்தை, சித்தி இருக்கிறார்கள். 'சபைக்குப் போனீர்களா, ஏரியைப் பற்றி, குளத்தைப் பற்றி என்ன தீர்மானம் போட்டார்கள்?' என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்போம். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பேசுகிறவருக்கும் தெம்பு வரும்.