கோட்டைக்குள் இரண்டு கிறிஸ்துமஸ்

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எலிஹு யேலில் தொடங்குவார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அந்த ஆளுநர் இங்கேதான் மணமுடித்தார் என்பார்கள். மணப்பெண்ணின் பெயர் கேத்தரின் ஹின்மர்ஸ். கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் மனைவி, பிள்ளைகளின் தாய், அதே 1680இல் கணவனை இழந்தவர். ஆலயம் அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை ஆனது. நவம்பர் 4 அன்று அதன் முதல் திருமணமாகக் கேத்தரினின் மறுமணம் பதிவானது. கப்பல் கரைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும் ஒரு கோட்டையில், பிள்ளைகளோடு நிற்கும் விதவைக்கு வேறு என்ன வழி இருந்தது என்று யேலின் வரலாற்றை எழுதியவர்கள் அதிகம் யோசிக்கவில்லை.

ஆலயத்தின் பெயரும் ஒரு பெண்ணிடமிருந்து வந்ததுதான். ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தபோது, 1678 மார்ச் 25 அன்று கட்டுமானம் தொடங்கியது. அது மங்கள வார்த்தைத் திருநாள். மணமாகாத இளம்பெண் ஒருத்தியிடம், நீ கருவுறுவாய் என்று தேவதூதன் சொன்ன நாள். அந்தக் கால இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டும் அன்றுதான் பிறந்தது. அதனால் கோயிலுக்கு மேரியின் பெயர். கம்பெனி பணம் தரவில்லை. கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் சந்தா வசூலித்துக் கட்டினார்கள். ஊரைவிட்டு வந்தவர்கள் ஊரைக் கட்டிக்கொள்ளும் வழி அது. பிரதிஷ்டையன்று படைவீரர்கள் வரிசையாக நின்று துப்பாக்கி வெடித்தார்கள், கோட்டையைச் சுற்றிப் பீரங்கி முழங்கியது.

ஆவணங்களில் திருநாள் என்றாலே இந்த வெடிச்சத்தம்தான் கேட்கிறது. எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. அந்தத் திருநாட்களில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? இதைத் தேடிப் போனால் முதலில் கண்ணில் படுவது நாட்காட்டி.

போப் கிரிகோரியின் புதிய நாட்காட்டியைக் கத்தோலிக்க நாடுகள் 1582 முதல் ஏற்றுக்கொண்டன. போப் சொன்னதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்று இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே 10 நாள் வித்தியாசம். இனி இதைக் கோட்டைக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஆங்கிலேயருக்குத் தனி ஆலயம் எழும்பும் முன்பே, 1642இலேயே, கப்புச்சின் துறவிகளின் கத்தோலிக்கக் கோயில் அங்கே இருந்தது. கடற்கரையோரம் சற்றுத் தெற்கே போர்த்துகீசியரின் சாந்தோம். சாதாரண ஆங்கிலச் சிப்பாய்களுக்கு இங்கிலாந்திலிருந்து மனைவிமார் வரவில்லை. அவர்கள் மணந்தது பெரும்பாலும் போர்த்துகீசியக் கலப்பு வழிவந்த பெண்களையும் இந்தியப் பெண்களையும்தான். அவர்களில் பலர் கத்தோலிக்கர்.

அப்படியானால் ஒரே வீட்டில் மனைவிக்கு டிசம்பர் 25, கணவனின் கணக்குக்கு டிசம்பர் 15. அவள் நள்ளிரவுப் பூசை முடித்து வந்து பத்து நாள் ஆன பிறகு அவன் கிறிஸ்துமஸ் வரும். ஈஸ்டர் இன்னும் சிக்கல். சில ஆண்டுகளில் ஒரே ஞாயிறில் சேரும், சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் விலகும். அவள் உயிர்ப்புத் திருநாளைக் கொண்டாடி முடித்திருப்பாள். அவனுக்குத் தவக்காலம் ஓடிக்கொண்டிருக்கும். அடுப்பு ஒன்றுதான். நோன்புச் சமையலும் விருந்துச் சமையலும் யார் கையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1647இல் பியூரிட்டன்களின் கையிலிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் ஒழித்துச் சட்டம் போட்டது. 1660இல் மன்னராட்சி திரும்பும் வரை தாய்நாட்டிலேயே அந்தத் திருநாட்களுக்குச் சட்ட ஆதரவில்லை. கோட்டையின் முதல் இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தக் காலம்தான். அப்போது கிறிஸ்துமஸைத் தடையில்லாமல் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கத்தோலிக்கப் பெண்களும் அவர்கள் குடும்பங்களும். கிறிஸ்துமஸை ஆங்கிலேயர் நமக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று பேசுகிறோமே, சென்னையைப் பொறுத்தவரை அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கல்கல்லைப் பாருங்கள். மாவை முள்கரண்டியின் முதுகிலோ, இல்லாவிட்டால் புதுச் சீப்பிலோ வைத்து விரலால் சுருட்டி எடுக்கும் அந்தப் பலகாரம், கோவாவின் போர்த்துகீசியச் சமையலறைகளோடு உறவுள்ளது. லண்டனுக்கு அதில் பங்கில்லை. சென்னையின் ஆங்கிலோ இந்திய வீடுகளில் கிறிஸ்துமஸ் வாரத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இன்றும் அதைச் சுருட்டுகிறார்கள்.

இந்தப் பெண்களின் திருநாளைக் கம்பெனியால் தடுக்க முடியவில்லை. அது குறிவைத்தது பிள்ளைகளை. 1680இல் வந்த ஆணைப்படி, புரொட்டஸ்டண்ட் ஒருவர் கத்தோலிக்கரை மணக்க விரும்பினால், ஓலை வாசிக்கும் முன்பே இருவரும் சாப்ளின் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும்: பிறக்கும் குழந்தைகள் எல்லோரும் புரொட்டஸ்டண்டுகளாக வளர்வார்கள். 1687இல் லண்டன் இயக்குநர்கள் இன்னும் வெளிப்படையாக எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பது எதிர்காலத்துக்கு மிக முக்கியம். அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம் என்பது கடிதத்தின் சாரம். சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி அனுப்புவதைவிடக் கோட்டையிலேயே பிறக்கவைப்பது மலிவு என்பது வணிகனுக்குப் புரியாதா என்ன!

வராகனைத் தாயின் கையில் கொடுக்கச் சொன்னார்கள் என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தகப்பன் கையில் கொடுத்தால் சாராயக்கடைக்குப் போய்விடும் என்ற கணக்காக இருக்கலாம். பிள்ளை யார் முடிவில் எந்தக் கோயிலுக்குப் போகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்த முடிவுக்குத்தான் விலை வைத்தார்கள். இதே ஆங்கிலிக்கன் சபையின் 1662 பொது ஜெபப் புத்தகத்தில், பிரசவித்த பெண் ஆலயத்துக்கு வந்து நன்றி செலுத்தும் ஒரு தனி ஆராதனை முறை உண்டு. அந்த ஆராதனைக்கு வரும் பெண் வழக்கமான காணிக்கையைச் செலுத்த வேண்டும் என்கிறது விதி. பிழைத்து எழுந்ததற்கு அவள் கொடுக்க வேண்டும். பிள்ளையை ஒப்படைத்தால் அவளுக்குக் கிடைக்கும்.

ஞானஸ்நானத்தைச் சிறிய சடங்காக நினைக்க வேண்டாம். ஞானத்தகப்பன், ஞானத்தாய், விருந்து என்று வெளியூரில் வாழும் சிறு சபைக்கு அதுவும் திருநாள்தான். 1689 ஆகஸ்ட் 19 அன்று அப்படி ஒன்று நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின் என்று மூன்று சகோதரிகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம். தகப்பன் ஜோப் சார்னாக். வங்காளத்தில் முகலாயரோடு மோதித் தோற்று, சென்னையில் வந்து ஒதுங்கியிருந்தார். மறு ஆண்டு திரும்பிப் போய், கல்கத்தாவை நிறுவியவர் என்று பெயர் வாங்கினார்.

தாய் ஓர் இந்துப் பெண். அவர் பெயரை வரலாறு பத்திரப்படுத்தவில்லை. பின்னால் வந்தவர்கள் மரியா என்று ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். மூன்று மகள்களையும் வளர்த்தவருக்கு மாற்று மதத்தாரின் பெயர்! அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர் 1727இல் வெளியிட்ட பயண நூலில் அவர் வருகிறார். உடன்கட்டையிலிருந்து சார்னாக் அவரைக் காப்பாற்றினார் என்ற கதை அதில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் நெருப்பிலிருந்து தூக்கிவரும் இந்தியப் பெண் என்ற சித்திரம் பின்னால் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பது தெரிந்ததே. ஆகவே அதை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். ஆனால் ஹாமில்டன் ஏளனமாகச் சொல்லும் இன்னொரு செய்தி என்னை விடுவதில்லை. மனைவியைக் கிறிஸ்தவராக்குவதற்குப் பதில் சார்னாக்தான் அவர் மதத்துக்குப் போய்விட்டாராம்; மனைவி இறந்த நாளில் ஆண்டுதோறும் கல்லறையில் சேவல் பலியிட்டாராம். நடந்ததோ இல்லையோ, அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு இது நம்பக்கூடிய வம்பாக இருந்திருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்த பெண் தன் திருநாளையும் கொண்டுவந்துவிடுவாள் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. வராகன் கொடுக்க யோசித்த லண்டனிலும் அதே பயம்தான்.

புனித மேரி ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி பல்லாவரம் கருங்கல்லில் செதுக்கியது. மூத்த மகள் மேரி, தகப்பனின் பதவிக்குப் பின்னால் வந்த சார்ல்ஸ் அயரை மணந்து, 1697 பிப்ரவரியில் இறந்தார். கல்கத்தாவில் புனித ஜான் ஆலய வளாகத்தில் தகப்பனுக்கு அயர் எழுப்பிய கல்லறை மண்டபத்திலேயே அவரும் இருக்கிறார். அதன் எழுத்துப் பலகைக்குக் கல் இங்கிருந்து, அதே பல்லாவரத்திலிருந்து போனது. ஜோபின் மூத்த மகள், சார்ல்ஸ் அயரின் அன்பு மனைவி என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைப் பலகையை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரத்துக் குன்றின் பாறைக்குப் பாடப்புத்தகங்களில் இன்றும் அதுதான் பெயர்.