அறிவிப்புப் பலகை தெளிவாக இல்லாத இடத்தில் பார்க்கிங் அபராதமா? ரத்து செய்யக் கேட்பது எப்படி

கார் கண்ணாடியில் செருகியிருக்கும் சீட்டைப் பார்த்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எரிச்சலோடு கட்டிவிடுவார்கள். இல்லையென்றால் காருக்குள் எங்கேயாவது போட்டு மறந்துவிடுவார்கள். "பலகையே தெரியலையே, மரக்கிளை மறைச்சிருக்கே" என்று நியாயம் கையில் இருப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அபராதத்தை ரத்து செய்யக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் எடுபடாது.

வார இறுதியில் புக்கிட் மெலாவத்திக்கும் புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்திற்கும் வெளியூர்க் கார்கள் குவிகின்றன. வாரநாளில் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வங்கி வேலை, அரசாங்க அலுவலக வேலை என்று மக்கள் கோல சிலாங்கூர் பட்டணத்திற்கு வருகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட். அப்படிச் சம்பாதிக்கும் ஒருவருக்கு அபராதமும் வலிக்கும், அதை எதிர்த்து அலைய எடுக்கும் ஒரு நாள் லீவும் வலிக்கும். அதனால் கிளம்புவதற்கு முன்பே நம் பக்கம் வலுவானதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் சீட்டைப் படியுங்கள்

எல்லாவற்றையும் 'சம்மன்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் போலீஸ் கொடுப்பது வேறு, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே கொடுப்பது வேறு, ஊராட்சி மன்றம் கொடுப்பது வேறு. கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம் கொடுத்த சீட்டுக்குப் போலீஸ் நிலையத்தில் போய் நின்றால் அரை நாள் வீண். சபாக் பெர்ணம் பக்கம் என்றால் அங்கே மாவட்ட மன்றம். சீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம்தான் முறையிட வேண்டும்.

அடுத்து, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. உங்கள் வாதம் நிற்குமா விழுமா என்பதே அந்த வரியில்தான் இருக்கிறது.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 79(2) பிரிவு என்றால், சாலைக் குறியீட்டை மீறினீர்கள் என்பது குற்றச்சாட்டு. குறியீடே தெரியவில்லை என்ற வாதத்திற்கு மிகவும் ஏற்ற இடம் இதுதான். பார்க்கிங் கட்டணம் கட்டவில்லை என்றால், அது ஊராட்சி மன்றத்தின் வாகன நிறுத்துமிட உத்தரவின் கீழ் வரும். அப்போது கேள்வி வேறு: அது கட்டணப் பகுதி என்று காட்டும் பலகை இருந்ததா, பெட்டிக் கோடுகள் தெரிந்தனவா, எந்த நேரம் என்று போட்டிருந்ததா? 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு என்றால் பொது இடத்தில் இடைஞ்சல் செய்ததாகப் பொருள். இதற்குப் பலகையே தேவையில்லை. வழியை மறித்தீர்களா இல்லையா, அவ்வளவுதான்.

சந்திப்பின் முனை, பாதசாரிக் கடவை, பேருந்து நிறுத்தம், நடைபாதை இவற்றுக்கும் அதே கதைதான். இங்கெல்லாம் நிறுத்தக்கூடாது என்பது லைசன்ஸ் எடுக்கும்போதே படித்தது. "பலகை இல்லையே" என்று எழுதினால் அதிகாரி சிரித்துவிட்டு ஒதுக்கிவிடுவார்.

எவ்வளவு மங்கினால் 'தெளிவில்லை'?

சாலைக் குறியீடுகளின் அளவு, நிறம், வகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1959-லேயே நம் நாட்டில் விதிகள் வந்துவிட்டன. ஆகவே ஊராட்சி மன்றம் நினைத்தபடி ஒரு பலகையை எழுதி மாட்டிவிட முடியாது. அதற்காக, விதியிலிருந்து அரை அங்குலம் விலகினாலே அபராதம் செல்லாது என்று நினைத்துவிடவும் கூடாது.

இதில் இங்கிலாந்தின் இரண்டு தீர்ப்புகள் உதவும். அவை இங்கே கட்டாயம் இல்லை, ஆனால் நம் நீதிமன்றங்கள் அத்தகைய தீர்ப்புகளை எடுத்துப் பார்ப்பது உண்டு. 1971-இல் டேவிஸ் எதிர் ஹீட்லி வழக்கில், சாலை நடுவே இருந்த வெள்ளைக் கோடுகள் விதியில் சொன்ன வடிவில் இல்லை. ஓட்டுநருக்கு அர்த்தம் புரிந்திருக்கும் என்றாலும் தண்டனை ரத்தானது. ஆனால் 2011-இல் சண்டர்லாந்து நகரப் பார்க்கிங் அபராதங்களை எதிர்த்து நீல் ஹெரோன் என்பவர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. கோடுகளிலும் பலகைகளிலும் குறைகள் இருந்தன. ஆனால் அவை யாரையும் ஏமாற்றும் அளவுக்கு இல்லை என்பதே அதன் சாரம்.

இரண்டாவது தீர்ப்புதான் நடைமுறைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. 'பலகை பழசு' என்பது வாதமே அல்ல. 'நான் நிறுத்திய இடத்திலிருந்து, சாதாரணமாகக் கவனித்து ஓட்டும் ஒருவருக்கு இங்கே தடை என்று தெரிய வழியில்லை' என்பதுதான் வாதம். மஞ்சள் கோடு தாரில் மறைந்துபோனது, பலகை வேறு பக்கம் திரும்பி நிற்பது, ஒரே கம்பத்தில் இரண்டு பலகை வெவ்வேறு நேரம் சொல்வது இவையெல்லாம் வலுவானவை.

காரை எடுப்பதற்கு முன் படம்

ஆதாரம் அன்றைக்கே கிடைக்க வேண்டும். அடுத்த வாரம் போனால் கிளையை வெட்டியிருப்பார்கள், கோடு புதிதாகப் பளபளக்கும். காரை நகர்த்தாமல், எண் பட்டையும் கோடும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். பிறகு ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதுபோல், வந்த திசையிலிருந்து நடந்தே ஒரு காணொளி. பலகையின் பக்கத்தில் போய் எடுத்த படம் மட்டும் இருந்தால், "தெளிவாத்தானே தெரியுது" என்று அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். இரவு என்றால் தெருவிளக்கு எரிந்ததா என்பதும் படத்தில் வரட்டும். செயலியில் கட்டணம் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் திரைப்படம் பிடித்து வையுங்கள்.

கடிதத்தில் ஒரு சொல்

மேல்முறையீட்டை மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும்: சீட்டு எண், வண்டி எண், இடம், நேரம், என்ன தெரியவில்லை, இணைத்த படங்கள். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கேட்பது 'பெம்பாத்தாலான்', அதாவது ரத்து. ஆனால் பழக்கத்தில் 'பெங்குராங்ஙான்', அதாவது குறைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். குறைக்கச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தள்ளுபடி கேட்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஐம்பது ரிங்கிட்டைப் பத்தாக்கினால் போதும் என்பவருக்கு அது சரி. உண்மையிலேயே தவறு இல்லை என்பவருக்குச் சரியல்ல.

சீட்டில் உள்ள கெடு முடிவதற்கு முன் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். முடிவு தெரியும்வரை பணம் கட்ட வேண்டாம்; கட்டினால் விவகாரம் அங்கேயே முடிந்தது. மலாயில் எழுத உதவி வேண்டுமானால் உங்கள் பகுதியின் இந்திய சமூகத் தலைவரையோ, நகராண்மைக் கழக உறுப்பினரையோ கேட்கலாம்.

சிலாங்கூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு, பலருக்குத் தெரியாது. 2011-இல் மாநிலச் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. ஊராட்சி மன்றங்களும் அதில் அடங்கும். அந்தத் தெருவைத் தடைப் பகுதியாகவோ கட்டணப் பகுதியாகவோ ஆக்கிய உத்தரவின் நகலை அதன்கீழ் எழுதிக் கேட்கலாம்.

மறுத்துவிட்டால்?

ஊராட்சி மன்றத்தின் அபராதச் சீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. 'இதைக் கட்டினால் வழக்குப் போட மாட்டோம்' என்ற ஒரு வாய்ப்பு. கட்டாவிட்டால் அவர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டலாம். அங்கே குற்றத்தை நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. நீங்கள் மறுத்தால் விசாரணைக்குத் தேதி போடுவார்கள். மலாய் வராதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். ஆனால் நீதிமன்ற அழைப்பாணை வந்தபிறகு போகாமல் இருக்காதீர்கள், பிடியாணை வரும்.

செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 79(2) பிரிவில் குற்றவாளி என்று முடிவானால் அபராதம் குறைந்தது 300 ரிங்கிட், அதிகபட்சம் 2,000. ஒரு தடவைக்கு மேலும் போக வேண்டிவரலாம். படங்கள் வலுவாக இல்லாவிட்டால், கடிதத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தோட்டச் சாலையும் கூட்டரசுச் சாலையும்

தோட்ட நிர்வாகமே போட்டு, பராமரிக்கும் சாலையில் நிறுத்தியதற்குச் சீட்டு வந்தால், அந்தச் சாலை யாருடையது என்பதே முதல் கேள்வி. சாலைப் போக்குவரத்துச் சட்டம் தனியார் பராமரிக்கும் சாலையைப் பொதுச் சாலைபோல் கருதுவதில்லை. கம்பெனி மாட்டிய 'நிறுத்தாதே' பலகையும் ஊராட்சி மன்றப் பலகையும் ஒன்றல்ல.

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியே போகும் 5-ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை. அங்கே பலகையைச் சரிசெய்வது பொதுப்பணி இலாகாவின் வேலையாக இருக்கலாம், சீட்டு கொடுத்தது நகராண்மைக் கழகமாக இருந்தாலும். அதனால் மேல்முறையீட்டின் நகல் ஒன்றை மாவட்டப் பொதுப்பணி இலாகாவுக்கும் அனுப்புங்கள். பலகை குறைபாடானது என்று அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்தப் பதிலை உங்கள் படங்களோடு சேர்த்து நகராண்மைக் கழகத்திடம் கொடுக்கலாம்.