அடுக்களைச் சுவரின் வண்ணம்

புது வீடு கட்டுவோர் இந்நாளில் நெடுநேரம் ஆராய்கின்ற வினாக்களுள் ஒன்று, சமையலறைக்கு எடுப்பான வண்ணம் பூசுவதா, அடக்கமான வண்ணம் பூசுவதா என்பதாகும். கடைக்காரர் நீட்டும் வண்ண அட்டையில் நூற்றுக்கணக்கான சாயல்கள் இருக்கின்றன. ஒருவர் கிளிப்பச்சை வேண்டும் என்கிறார். மற்றொருவர் சந்தன நிறமே கண்ணுக்குக் குளிர்ச்சி என்கிறார். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவனாகிய எனக்கு, இவ்வினாவுக்குரிய விடையைக் காட்டிலும் இவ்வினா எழுந்ததே பெரிய செய்தியாகத் தோன்றுகிறது. காவிரி பாயும் நெல்வள நாட்டில் மக்கள் பல நூற்றாண்டுகளாக வீடு கட்டி வாழ்ந்து வருகிறார்கள். எனினும் அடுக்களைக்கு என்ன வண்ணம் என்று கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கு அண்மைக் காலம் வரையில் உண்டாகவில்லை. அவர்களுக்காக வேறு சில அதை முடிவு செய்துவிட்டன. அவை எவை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம்மவர்க்கு எடுப்பான வண்ணங்களில் நாட்டமில்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லுங்கள். 1010ஆம் ஆண்டில் இராசராச சோழன் கட்டி முடித்த அக்கோயிலின் கருவறையைச் சுற்றி ஓர் இருண்ட உட்பாதை உண்டு. அதன் சுவர்களில் பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்களே நெடுங்காலம் கண்ணுக்குத் தெரிந்தன. 1931ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள், அப்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலே வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். அதுவே சோழர் கால ஓவியம். சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க முதியவராக வந்த இறைவன், முப்புரம் எரிக்கும் சிவபெருமான், ஆடல் மகளிர் எனச் சுவர் முழுவதும் உயிரோடு நிற்கின்றன. பிற்காலத்தில் தொல்பொருள் துறையினர் நாயக்கர் கால ஓவியங்களைப் பழுதில்லாமல் உரித்தெடுத்து வேறு பலகைகளிற் பதித்துக் காத்தனர். இது எளிய வேலையன்று. இதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு பேச்சு நிகழ்த்தலாம்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அவர்கள், 1930களில் இவ்வோவியங்களின் பூச்சை ஆராய்ந்தார். ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மீது வண்ணம் தீட்டும் முறை இங்கே கையாளப்பட்டது என்பது அவர் கண்ட முடிவு. இம்முறையில் வண்ணத்தை ஒட்டவைக்கப் பசை வேண்டுவதில்லை. சுண்ணாம்பே காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகும்போது, வண்ணத்தையும் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சுண்ணாம்பு மிகக் காரமான பொருள். பூவிலும் இலையிலும் எடுத்த சாயங்களுள் பெரும்பாலானவை அதன் முன் நில்லா, வெளுத்துப்போகும். மஞ்சட்காவி, செங்காவி, பச்சை மண், விளக்குக் கரி போன்ற மண்ணும் கரியுமே அதைத் தாங்கும். ஓவியன் எத்துணை வல்லவனாயினும், சுண்ணாம்பு இசைந்த வண்ணங்களைக் கொண்டே தன் கற்பனையை நடத்தவேண்டியிருந்தது.

அரசன் எழுப்பிய கோயிலிலேயே வண்ணத்தைத் தீர்மானித்தது சுண்ணாம்பு என்றால், குடிமக்களின் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. காவிரிப் படுகை வண்டல் நிலம். இங்கே கல் கிடையாது. பெரிய கோயிலுக்கு வேண்டிய கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்ததே. வீடு கட்டுவோருக்குக் கையருகே கிடைத்தவை மண்ணும், அம்மண்ணைச் சுட்ட செங்கல்லும், கடலோரத்திலும் காயல்களிலும் வாரிய கிளிஞ்சலுமே. கிளிஞ்சலைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகைச் சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். எஞ்சியதில் நீர் விட்டால் அது கொதித்துப் பொங்கி வெண்ணெய் போன்ற சுண்ணாம்பாக நீறும். இதை நீர்க்கக் கரைத்து, சிறிது வஜ்ஜிரமோ கோந்தோ சேர்த்து, மட்டையால் சுவரில் அடிப்பதே வெள்ளையடித்தல். போகிப் பண்டிகைக்கு முன் ஊர் முழுவதும் இவ்வேலை நடக்கும். தெருப்பக்கத்துச் சுவரிலும் திண்ணையிலும் காவிப் பட்டை தீட்டி அழகு செய்வார்கள். உள்ளே வெள்ளைதான்.

அடுக்களைக்கு வெள்ளை நல்ல காரணங்களோடுதான் வந்தது. பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நடந்து இரண்டாம் கட்டைக் கடந்தால்தான் அடுக்களை. ஒரு சிறு சன்னலும் கூரையில் ஒரு புகைபோக்கியும் இருந்தால் அதிகம். அந்த இருட்டில் உள்ள சிறு வெளிச்சத்தைச் சிதறவிடாமல் திருப்பித் தருவது வெண்சுவர். சுண்ணாம்பின் காரம் பூசணத்தையும் பூச்சிகளையும் அண்டவிடாது. விலையும் சொற்பம். ஆதலின் இந்த வெண்மையை நம் முன்னோரின் அடக்கத்துக்கும் எளிமைக்கும் சான்றாகக் காட்டுவோர் சிலர் உளர். அக்கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. சந்தையில் வேறு வண்ணம் இல்லாத காலத்தில் வெண்மையைப் பூசியது ஒரு குணமாகாது.

வெள்ளையோடு சிறிது நீலம் கலப்பதும் வழக்கமாயிற்று. வெண்மையில் தோன்றும் பழுப்பை நீலம் மறைத்துவிடும். இச்சிறு பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. பழங்காலத்தில் உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலைகளில் கிடைக்கும் ஒரு மணிக்கல்லை அரைத்துப் பெறப்பட்டது. ஐரோப்பாவில் அதன் விலை பொன்னோடு ஒப்பிடப்பட்டது. அதைச் செயற்கையாகச் செய்வோருக்கு 6,000 பிராங்கு பரிசு என்று பிரெஞ்சுச் சங்கம் ஒன்று 1824இல் அறிவித்தது. 1828இல் ழான் பாப்திஸ்த் கிமே என்பவர் அப்பரிசைப் பெற்றார். அதன் பின்னரே மன்னர்களின் நீலம் மளிகைக் கடைக்கு வந்தது. அதற்கு முன்பே பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட வேறொரு நீலம் இருந்தது. ஆயினும் அது சுண்ணாம்பில் நிறம் கெட்டுப்போகும். கிமேயின் நீலமோ சுண்ணாம்போடு ஒத்துப்போயிற்று. இங்கும் தேர்ந்தெடுத்தது சுண்ணாம்பே என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அடுக்களையின் உண்மையான வண்ணம் வெள்ளையன்று. போகிக்கு அடித்த வெள்ளை மாசி மாதம் வரையில் தாங்கினால் பெரிது. என் பாட்டியாரின் அடுக்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சவுக்கு விறகும் தென்னை மட்டையும் வறட்டியும் எரியும் கோட்டை அடுப்பு. அதைத் தினமும் சாணமிட்டு மெழுகி, அரிசி மாவினால் ஒரு கோலமும் இடுவார். அடுப்புக்கு மேலிருந்த சுவர் தார் பூசியது போல் கறுத்து மினுமினுக்கும். உத்தரத்திலிருந்து புகை நூல்கள் தொங்கும். வெள்ளையடிப்போர் வரும்போது தெருச்சுவருக்கு இரண்டு கை, கூடத்துக்கு இரண்டு கை. அடுக்களைக்குச் சட்டியின் அடியில் மிஞ்சியதை ஒரு கை. சுண்ணாம்பு எத்தனை மூட்டை, யார் அடிப்பது என்பதெல்லாம் திண்ணையில் முடிவாகும். இரண்டாம் கட்டிலிருந்து எவரும் அழைக்கப்பட்டதில்லை. சுவரிற் படிந்த அதே கரி பாட்டியாரின் நெஞ்சிலும் படிந்திருக்கும் என்று அக்காலத்தில் நாங்கள் சிந்திக்கவில்லை. விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதை இன்று மருத்துவ நூல்கள் ஐயமின்றி உரைக்கின்றன. அவர் இருமலை நாங்கள் முதுமை என்றே கொண்டோம்.

சுண்ணாம்பும் எல்லோருக்கும் கிட்டிய பொருளன்று. வயலில் உழைத்தவர்களின் குடிசைக்கு மண்சுவரும் சாணப்பூச்சுமே. அக்குடிசை நின்ற மனையும் பெரும்பாலும் நிலவுடைமையாளருடையது. விலகிப்போ என்றால் போகவேண்டும். 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் வந்த பின்னரே பலர் தாம் வாழ்ந்த மனைக்கு உரிமை பெற்றார்கள். சுவர் தனதாகாதவன் அதன் வண்ணத்தைப் பற்றி எவ்வாறு ஆராய்வான்?

இத்துணையும் சொன்னதால் பழைய அடுக்களையில் நிறமே இல்லை என்று கருதலாகாது. நிறம் சுவரில் இல்லை. பண்டத்திலும் பாத்திரத்திலும் இருந்தது. புளியிட்டுத் தேய்த்த பித்தளைத் தவலையும் செப்புக் குடமும் வெண்கலப் பானையும், கும்பகோணத்துக் கன்னார் கைவண்ணத்தில், விளக்கொளியில் பொன்னாய் மின்னும். அவற்றின் நடுவே கல்சட்டி கறுப்பாக அமர்ந்திருக்கும். மஞ்சள் உண்டு, பச்சைக் கறிவேப்பிலை உண்டு. மிளகாயின் சிவப்பு மட்டும் பிற்காலத்து வரவு. பெரிய கோயில் கல்வெட்டுகள் அமுதுபடிக்கு அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம் என்று கணக்கிட்டுரைக்கும். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியரின் கப்பல்கள் வந்த பிறகே இந்நாட்டில் பரவியது. இராசராசன் காலத்து மடைப்பள்ளியில் இன்றுள்ள சிவப்பு இல்லை.

சமையலறையின் வண்ணத்தை ஆராய்ந்து முடிவு செய்த ஒரு நிகழ்ச்சியைக் காண நாம் ஜெர்மனிக்குச் செல்லவேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளருக்காகப் பல்லாயிரம் வீடுகள் கட்டினார்கள். அவற்றுக்கான சமையலறையை 1926இல் வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த மார்கரேட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர். ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் நீளமும் உள்ள அச்சிற்றறையில் எட்டு வைக்கும் தூரத்தையும் கடிகாரம் கொண்டு கணக்கிட்டார். அலமாரிகளுக்கு நீலம் தோய்ந்த பச்சை வண்ணம் பூசுவித்தார். அவ்வண்ணத்தில் ஈக்கள் அமரமாட்டா என்று அக்காலத்தில் நம்பினார்கள். நம்பிக்கை எவ்வாறாயினும், எடுப்பான ஒரு வண்ணத்தைக் காரணம் சொல்லி ஏற்றார்கள் என்பதே சிறப்பு. அத்தகைய சமையலறைகள் ஏறத்தாழ 10,000 அமைக்கப்பட்டன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதை வரைவதற்கு முன் தாம் சமைத்ததுமில்லை, குடும்பம் நடத்தியதுமில்லை என்று அவ்வம்மையாரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அங்கும், அடுப்படியில் நின்ற பெண்களிடம் வண்ண அட்டையை எவரும் நீட்டவில்லை.

இன்றைய நிலை வேறு. தொழிற்சாலை வண்ணங்கள் வந்தபின் சுண்ணாம்பின் ஆட்சி முடிந்தது. ஆனால் புதிய வண்ணங்கள் குற்றமற்றவை என்று சொல்வதற்கில்லை. பளிச்சிடும் மஞ்சளும் செம்மஞ்சளும் நெடுங்காலம் ஈயக் கூட்டுப்பொருள்களால் ஆனவை. அடக்கமான வெள்ளையும் தப்பவில்லை. எண்ணெய் வண்ணத்தின் வெள்ளை பெரும்பாலும் ஈய வெள்ளையே. கட்டடங்களின் உட்புறத்தில் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்க, 1921இலேயே ஜினீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு ஓர் ஒப்பந்தம் செய்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வண்ணங்களில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது என்று இந்திய அரசு 2016இல் விதி வகுத்தது. 2017 நவம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே மாணவர்களே, உங்கள் வீட்டில் வண்ணம் வாங்கும்போது பச்சையா பழுப்பா என்று பார்ப்பதற்கு முன், தகரத்தின் மீது ஈயத்தைப் பற்றி அச்சிட்டிருப்பதைப் படித்துக் காட்டுங்கள். பழைய எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டும்போது பறக்கும் தூளிலிருந்து தம்பி தங்கையரை விலக்கி வையுங்கள்.

மற்றொரு மாறுதல் எரிவாயு அடுப்பு. சமையலறையை விட்டுப் புகை அகன்ற வீடுகளில்தான் சுவருக்கு வண்ணம் என்ற பேச்சுக்கே பொருள் உண்டாயிற்று. கரி படியாத சுவரில் வெளிர் நிறமும் நிற்கும். குழல் விளக்கின் ஒளியில் கருநீலமும் இருட்டாது. ஒளி குறைந்த உள்ளறையாயின் வெளிர் நிறமே இன்றும் மேல் என்பேன். கிழக்கே பெரிய சன்னலுள்ள அறைக்கு எவ்வண்ணமும் ஏற்கும். இதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. அங்கே நாள்தோறும் நின்று சமைப்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவரிடமே அட்டையைக் கொடுக்கவேண்டும் என்பது மட்டும் என் துணிபு.

அண்மையில் என் மருமகள் தன் புது வீட்டுச் சமையலறையில் மூன்று சுவர்களை வெண்மையாக விட்டு, அடுப்புக்குப் பின்னுள்ள சுவருக்கு மட்டும் அடர்ந்த செங்காவி நிறத்தைத் தேர்ந்தாள். சோழர் ஓவியத்தின் நிறமல்லவா என்று நான் மகிழ்ந்து, பெரிய கோயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது மாமா, மிளகாய்ப் பொடி தெறித்தாலும் கறை தெரியாது” என்றாள்.